ஜெய்ப்பூர் கால் டி.ஆர். மேத்தாவைக் காட்டி ஓய்வுபெற்ற அதிகாரியை இயக்குநர் ஆக்கலாமா?

சிற்றாறு (கேள்வி)

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு அறக்கட்டளைக்குச் செயல் இயக்குநர் தேர்வு நடக்கிறது. அமைப்பில் மூன்று வேலைகள் ஓடுகின்றன: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளி, காலிப்பரும் (வலுவிழந்த காலைத் தாங்கும் சட்டம்) செயற்கைக்காலும் செய்யும் சிறு பட்டறை. சம்பளப் பட்டியலில் நாற்பது பேர். வெளிநாட்டு நன்கொடையும் கொஞ்சம் வருகிறது.

கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஒருவர் சிறப்பாசிரியை. இன்னொருவர் பட்டறையிலேயே இருக்கும் செயற்கை உறுப்பு வல்லுநர். அறங்காவலர்களில் ஒருவர் வங்கிக்காரர் பக்கம் உறுதியாக நிற்கிறார். அவர் காட்டும் உதாரணம் டி.ஆர். மேத்தா: "செபி, அதாவது பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக இருந்தவர்தானே ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக்காலை இலவசமாகப் பொருத்தும் அமைப்பை உலகத்திலேயே பெரியதாக்கினார்? அவர் டாக்டரா, தெரபிஸ்டா? நிர்வாகம் தெரிந்தால் போதும்."

மேத்தா எந்தெந்தப் பதவியில் எப்போது இருந்தார், அதில் எது அமைப்புக்கு உதவியது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த உதாரணம் எங்களுக்குப் பொருந்துமா? ஒருவருடைய பணிப்பின்னணியில் எதைத் துருவிப் பார்க்க வேண்டும்?

---

கணக்குப்பிள்ளை

உங்கள் அறங்காவலர் சொல்வதில் வருடக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்வோம்.

தேவேந்திர ராஜ் மேத்தா ஜோத்பூர்க்காரர், 1937இல் பிறந்தவர், 1961இல் ராஜஸ்தான் பிரிவு ஐ.ஏ.எஸ். ஜெய்சல்மேரில் கலெக்டராக இருந்த காலத்தில், 1969இல், சாலை விபத்தில் தொடையெலும்பு நொறுங்கியது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு வரை போய்த் தப்பினார். மாதக்கணக்கில் மருத்துவமனை. வசதி உள்ள ஒரு அதிகாரிக்கே இப்படி என்றால் கால் போன கூலிக்காரனுக்கு என்ன கதி என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜெய்ப்பூர் கால் அமைப்பு என்று நீங்கள் சொல்லும் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி 1975 மார்ச்சில் ஜெய்ப்பூரில் பதிவானது. மகாவீரர் நிர்வாணமடைந்த 2,500ஆவது ஆண்டை ஒட்டி வைத்த பெயர் அது.

ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் பதவி 1992 நவம்பரில். செபி தலைவர் பதவி 1995 பிப்ரவரியிலிருந்து 2002 பிப்ரவரி வரை. அதாவது அவர் செபிக்குப் போகும்போது சமிதிக்கு வயது இருபது. செபி அனுபவத்தைக் கொண்டுவந்து அமைப்பை வளர்த்தார் என்பது காலக்கிரமப்படி நிற்காது. தொடங்கியபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, பணியில் இருந்த அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக வந்தவர் என்று அவரைக் காட்டவே முடியாது.

அப்படியானால் எது உதவியது? மாவட்ட நிர்வாகப் பழக்கம் என்பது என் கணிப்பு. வறட்சி நிவாரணம் பார்த்த கலெக்டருக்கு ஒன்று தெரியும்: வாசலுக்கு வந்த ஆளை "அடுத்த வாரம் வா" என்று திருப்பினால் பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள். சமிதியின் நடைமுறை முழுக்க அதைச் சுற்றியே இருக்கிறது. முன்பதிவு வேண்டாம், எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் சேர்த்துக்கொள்வார்கள், பயனாளிக்கும் கூட வந்தவருக்கும் தங்க இடமும் சாப்பாடும், காலுக்குக் காசு கிடையாது, முடிந்தவரை அதே நாளில் பொருத்தி அனுப்புவது. இதில் மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வரிசையை எப்படிக் கலைப்பது என்ற அறிவுதான். 2008இல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்ததும் சமூகப் பணிக்காகத்தான், நிதித்துறைக்காக அல்ல.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பணியில் இருக்கும் அதிகாரிகளைக் கௌரவப் பதவிக்கு அழைக்கும்போது இது இடறும். 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளில் 13ஆவது விதி, சம்பளமில்லாத சமூக, அறப்பணியை முன் அனுமதி இல்லாமல் செய்யலாம் என்கிறது, அலுவல் வேலை கெடாத வரை. ஆனால் அதற்கு முன்னால் வரும் 10ஆவது விதி, அரசு அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டக் கூடாது என்கிறது. "கலெக்டர் ஐயா எங்கள் குழுவில் இருக்கிறார், அவரை வைத்து வசூலிக்கலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் விழுவது இந்த இடத்தில்.

---

பட்டறைக்காரன்

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதில் பாதிக் கதைதான் இருக்கிறது. காலை யார் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜெய்ப்பூர் கால் 1960களின் பிற்பகுதியில் சவாய் மான்சிங் மருத்துவமனையில் உருவானது. எலும்பு அறுவை மருத்துவர் பி.கே. சேத்தி, கைவினைஞர் ராம் சந்திர சர்மா, கூடவே டாக்டர் காஸ்லிவால், டாக்டர் உடாவத். சர்மா பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர், எல்லோருக்கும் "மாஸ்டர்ஜி". சேத்திக்கு 1981இல் மகசேசே விருது. அதே 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் கால் இழந்த சுதா சந்திரன் பிறகு ஆடியது இந்தக் காலை வைத்துத்தான். அதன் பிறகுதான் நம் ஊரில் டீக்கடை வரை அந்தப் பெயர் வந்தது.

1975க்கு முன்னால் கால் இருந்தது, ஆனால் மிகச் சிலருக்கே போய்ச் சேர்ந்தது. மேத்தா வந்தபின் எண்ணிக்கை ஏறியது. இரண்டும் உண்மை. ஆனால் எண்ணிக்கையை ஏற்ற அவர் கையில் ஏற்கனவே ஒரு நல்ல சாமானும், அதைச் செய்யத் தெரிந்த மிஸ்திரிகளும், பக்கத்திலேயே ஒரு அரசு மருத்துவமனையும் இருந்தன. அது இல்லாமல் நிர்வாகியை மட்டும் உட்காரவைத்தால் எதை ஓட்டுவார்?

நிர்வாகிக்குப் பட்டறை புரியாவிட்டால் எங்கே கெடும் என்று தெரிய, முழங்காலுக்குக் கீழான ஒரு கால் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்.

ஸ்டம்புக்கு, அதாவது வெட்டியபின் எஞ்சிய காலுக்கு, ஈரமான காட்டன் உறை மாட்டி, முட்டிச்சில்லு, அதன் கீழ்த் தசைநாண், ஃபிபுலா எனும் கணைக்கால் வெளியெலும்பின் தலை, கணைக்கால் முன்னெலும்பின் விளிம்பு எல்லாவற்றையும் அழியாத பென்சிலால் குறிப்போம். மேலே பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுக்க வேண்டும். அச்சைக் கழற்றி உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசல் ஊற்றி, நடுவில் கம்பி நட்டு, இறுகினதும் உடைத்தால் ஸ்டம்பின் உருவம் கிடைக்கும். பென்சில் குறி அதில் படிந்திருக்கும். பிறகு அரத்தை எடுத்துத் திருத்தம். எடையைத் தாங்கக்கூடிய இடத்தில், முக்கியமாக முட்டிக்குக் கீழ்த் தசைநாண் மேல், பிளாஸ்டரைச் சுரண்ட வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் சில மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். வேலையின் மொத்த மூளையும் இந்த அரை மணி நேரத்தில்தான். ஃபிபுலா தலையில் ஏற்ற மறந்தால் அங்கே நரம்பு நசுங்கிக் கால் முழுக்க மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். ஆள் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார்.

அடுத்து ஹெச்.டி.பி.ஈ. குழாய். வயலில் தண்ணீர்க் குழாயாகப் போடுகிறோமே, அதே இனம், தோல் நிறத்தில். சுமார் 130 டிகிரியில் உருகும் பொருள். உலையில் அதைத் தாண்டிச் சூடேறி, குழைந்தபின் உருவத்தின் மேல் இழுத்து இறக்குவோம். இங்கே ஆறுவதற்குப் பொறுமை வேண்டும். ஹெச்.டி.பி.ஈ. ஆறும்போது சுருங்கும் குணம் உள்ளது. அவசரப்பட்டுச் சூட்டோடு கழற்றினால் மேல்விளிம்பு கோணும், ஸ்டம்ப் உள்ளே போகும் கூடான சாக்கெட் இறுகும். "இன்றைக்கு இருபது பேருக்கு முடித்தாக வேண்டும்" என்று மேலிருந்து அழுத்தம் வரும் நாளில் நடக்கிற தவறு இதுதான்.

பாதத்தில் மூன்று துண்டு. கணுக்கால் பகுதியில் மரக்கட்டை, அதில் போல்ட். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நுண்துளை ரப்பர். எல்லாவற்றையும் டயர் நைலான் இழையும் ரப்பர் படலமும் சுற்றி, தோல் நிற ரப்பர் போர்த்தி, அலுமினிய அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்கி வல்கனைஸ் செய்வது. கணு எல்லாப் பக்கமும் வளைவதால் சம்மணம் போடலாம், குந்தலாம், வெறுங்காலோடு வரப்பில் நடக்கலாம். செருப்புக்காகவே வடிவமைத்த வெளிநாட்டுப் பாதத்தில் இது நடக்காது.

கடைசியில் பாதத்தைச் சாக்கெட்டோடு பொருத்தும் கோணம். நுனி கொஞ்சம் கீழே தாழ்ந்தால் முட்டி பின்னால் தள்ளும். மேலே தூக்கினால் முட்டி மடங்கி விழவைக்கும். விலையுயர்ந்த கால்களில் திருகு வைத்துப் பிறகு சரிசெய்யலாம். இதில் பெரும்பாலும் முதலில் வைத்ததுதான். அதனால் பொருத்தியவர் நடக்கவிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

இயக்குநருக்கு அரம் பிடிக்கத் தெரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் கேட்கக் கூடாது என்பதாவது தெரிய வேண்டும். "எத்தனை பேருக்குப் பொருத்தினீர்கள்" என்று கேட்பவருக்கும் "ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்" என்று கேட்பவருக்கும் உள்ள தூரம் பெரியது. வெட்டிய முதல் ஆறு மாதத்தில் ஸ்டம்ப் வற்றிச் சிறுத்துக்கொண்டே போகும். முதலில் உறையை மூன்று மடிப்பு, ஐந்து மடிப்பு என்று தடிமனாக்குவோம், பிறகு சாக்கெட்டையே மாற்ற வேண்டும். முகாம் போட்டு ஐந்து நாளில் ஊர் திரும்பும் முறைக்கு இருக்கும் பெரிய ஓட்டை இது, ஜெய்ப்பூர் முறை உட்பட.

---

கணக்குப்பிள்ளை

பட்டறைக்காரரே, மறுக்கவில்லை. ஆனால் அதே நாளில் பொருத்துவதை அவசரம் என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் கூலி, மூன்று முறை பஸ் காசு, துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் சேரும். அச்சு கொடுத்துவிட்டுத் திரும்பியே வராதவர்களின் பிளாஸ்டர் உருவங்கள் எத்தனை பட்டறைகளில் தூசு படிந்து கிடக்கின்றன? தங்க இடம் கொடுத்தால் நேரமும் கிடைக்கும், ஆளும் ஓட மாட்டார். அதுதான் நான் சொன்ன நிர்வாக அறிவு.

---

குற்றால மழை

மேத்தாவை எதற்குத் தேடிப் போகிறீர்கள்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. உங்கள் அமைப்பைப் போலவே ஆரம்பநிலைப் பயிற்சி, சிறப்புப் பள்ளி, பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கே தலைமையில் இருந்தவர்களின் பின்னணி உங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம்.

எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனபோது தடை தாண்டும் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. புனே ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில்தான் சங்கத்துக்கு "அமர்". சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் தொடங்கினார். அவருடன் பின்னர் வந்து சேர்ந்தவர் எஸ். சங்கர ராமன், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், படிப்பில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ.

கவனியுங்கள், இருவரில் ஒருவர்கூட மறுவாழ்வுத் துறையில் பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் வேண்டும், படுக்கைப் புண் எங்கே தொடங்கும் என்று யாரும் போய் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் ஊரையும் ஆட்களையும் திரட்டுகிறார், இன்னொருவர் கணக்கையும் அமைப்பையும் கட்டுகிறார். தெரபியை அதற்குப் படித்தவர்கள் செய்கிறார்கள். ஒற்றை ஆளிடம் எல்லாவற்றையும் தேடினால் கிடைக்காது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சென்னையிலும் வேறு வேறு வழிகள் உண்டு. மனநோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல வருடம் இருந்தவர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு வெளியே ஒன்றுமே இல்லை என்பதை உள்ளிருந்து பார்த்துவிட்டு வந்தார். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வித்யாசாகர் அமைப்பை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜன் மூளைமுடக்குவாதம் உள்ள குழந்தையின் தாயாக இந்தத் துறைக்குள் வந்தவர், பிற்பாடு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவரானார். கலெக்டர், பொறியியல் மாணவர், மருத்துவர், தாய். முந்தைய தொழிலை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள், ஒன்றும் பிடிபடாது.

உங்கள் மூன்று விண்ணப்பதாரர்களில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா? விளம்பரத்தில் அவர்களை விண்ணப்பிக்கச் சொல்லிக் கேட்டீர்களா? நேர்காணல் அறை மாடியிலா?

---

சிற்றாறு

நேர்காணல் அறை முதல் மாடியில்தான். கேட்டதற்கு நன்றி, மாற்றுகிறோம். விளம்பரத்தில் அப்படி ஒரு வரி போடவில்லை.

மேத்தா உதாரணம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிட்டது. இனி மூன்று பேரிடமும் எதைச் சரிபார்ப்பது, நேர்காணலில் என்ன கேட்பது? காகித வேலையில் என்ன இடறும்?

---

மலர்விழி

ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

சிறப்பாசிரியைக்கும் செயற்கை உறுப்பு வல்லுநருக்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு, அதாவது ஆர்.சி.ஐ.யின் சி.ஆர்.ஆர். எண், இருக்க வேண்டும். சான்றிதழ் நகலை வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. குழுமத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, பெயரும் தகுதியும் பொருந்துகிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். பல மூத்தவர்கள் இதில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். பதிவில்லாமல் பணிசெய்வது 1992ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டத்தின் 13ஆவது பிரிவில் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. ஒரு குழப்பம் அடிக்கடி வரும்: பிசியோதெரபிஸ்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் ஆர்.சி.ஐ.யின் கீழ் வருவதில்லை, அவர்களுக்கு 2021ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அவர்களிடம் சி.ஆர்.ஆர். எண் கேட்டு விண்ணப்பத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

பட்டறை வல்லுநரை இயக்குநராக்கும் முன் இரண்டு விஷயம். பட்டறையில் சி.ஆர்.ஆர். உள்ள வேறு ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் நீங்கள் ஒரு இயக்குநரைப் பெற்று ஒரு பட்டறையை இழக்கிறீர்கள். இரண்டாவது, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 2020 திருத்தத்துக்கு முன் இது 50ஆக இருந்தது. பட்டறையில் கால் செய்கிறவரின் சம்பளம், பள்ளியில் பாடம் நடத்துகிறவரின் சம்பளம் திட்டச் செலவில் நிற்கும். அதே ஆள் இயக்குநர் நாற்காலிக்கு மாறினால் சம்பளம் நிர்வாகப் பக்கம் ஏறிவிடும். சிறிய அமைப்பில் இந்த ஒரு மாற்றமே 20ஐத் தாண்ட வைக்கலாம். நியமன உத்தரவுக்கு முன் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வங்கி மேலாளரிடம் "எத்தனை கோடி கடன் கொடுத்தீர்கள்" என்று கேட்டு நேரத்தை வீணடிக்க வேண்டாம். இதைக் கேளுங்கள்: ஆட்டிசம் உள்ள மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது, தாய் அவன் பெயரில் கணக்குத் தொடங்க வருகிறார், என்ன செய்வீர்கள்? 18க்குப் பிறகு பெற்றோர் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்நிலைக் குழு பாதுகாவலர் சான்று தரும், வங்கிகள் அதை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. முப்பது வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் அந்தத் தாயைக் கோர்ட்டுக்கு அனுப்புவேன் என்று சொன்னால், இன்னும் நிறைய கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள். சான்றைப் பற்றிச் சொன்னார் என்றால் அவரைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூவருக்கும் பொதுவாக இரண்டு கேள்வி. ஒன்று: அரசு மானியம் ஒன்பது மாதம் தாமதம், சிறப்புப் பள்ளியில் இருபது பேருக்குச் சம்பளம், எங்கிருந்து கொடுப்பீர்கள்? "வெளிநாட்டு நன்கொடைக் கணக்கிலிருந்து தற்காலிகமாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு திருப்பலாம்" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பணத்தை உள்நாட்டுப் பணத்தோடு கலப்பதே விதிமீறல், பதிவு போய்விடும். சம்பளத்துக்கென்று ஆறு மாதக் கையிருப்பு கட்ட எத்தனை வருடம் ஆகும், எந்த நன்கொடையாளரிடம் நோக்கம் குறிப்பிடாத நிதி கேட்கலாம் என்று பேசுகிறவர் வேலை தெரிந்தவர்.

இரண்டாவது கொஞ்சம் கனமானது. பேச்சு வராத ஒரு சிறுமி வேனில் ஏற மறுக்கிறாள், உடம்பில் காயம், ஆயா உங்களிடம் வந்து சொல்கிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? "முதலில் நாங்களே உள்விசாரணை நடத்திவிட்டு" என்று ஆரம்பிக்கிறவர் எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் ஆபத்து. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி பாலியல் குற்றம் நடந்திருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் 21ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. இயக்குநரின் கழுத்துக்கு நேராக வரும் பிரிவு அது. சிறுமியைப் பத்துப் பேர் முன் நிறுத்திச் சைகையில் கேட்பது சாட்சியத்தையும் கெடுக்கும், குழந்தையையும் கெடுக்கும். சிறப்பாசிரியர்கள் பெரும்பாலும் இதில் சரியாகப் பதில் சொல்வார்கள், அதிகாரிகள் தடுமாறுவார்கள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. நடைமுறையில் நீண்ட காலம் ஒரே பள்ளியில் இருந்தவர்கள்தான் "நம்ம பள்ளி பேர் கெட்டுவிடும்" என்று தயங்குவார்கள். கேட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

---

பட்டறைக்காரன்

மலர்விழி அக்கா சொன்ன 20 விழுக்காட்டுக் கணக்கு நிறையப் பேருக்குத் தெரியாது. அதோடு ஒன்று சேர்க்கிறேன். வல்லுநரை இயக்குநராக்கினால் ஆறு மாதத்துக்குள் ஒரு விஷயம் நடக்கும்: கணக்கு கசக்கும்போதெல்லாம் பட்டறைக்கு ஓடிவிடுவார். அங்கே அவருக்குக் கை பழகிய வேலை, உடனே பலன் தெரியும் வேலை. அலுவலக மேசையில் கோப்பு குவியும். தவறு அவருடையது அல்ல, நியமித்தவர்களுடையது. வாரத்தில் இன்ன இரண்டு நாள் மட்டும் பட்டறை என்று நியமன உத்தரவிலேயே எழுதுங்கள்.

வெளியிலிருந்து வரும் நிர்வாகி என்றால் நேர் எதிர். முதல் மாதம் முழுக்கப் பட்டறையிலும் வகுப்பறையிலும் உட்காரவையுங்கள், மேசை கொடுக்காதீர்கள். அச்சு எடுப்பதிலிருந்து நடக்கவைப்பது வரை ஒரே ஒரு பயனாளியைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து பார்க்கட்டும்.

---

சிற்றாறு

இன்று குழுவில் பேசினோம். இயக்குநர் பதவிக்குச் சிறப்பாசிரியை, வங்கிக்காரரைச் சம்பளமில்லாத பொருளாளராக அறங்காவலர் குழுவில் சேர்ப்பது என்ற யோசனை வந்திருக்கிறது. ஆய்க்குடி உதாரணம்தான் வாயடைத்தது. நேர்காணல் கீழ்த்தளத்துக்கு மாற்றியாகிவிட்டது, விண்ணப்பத் தேதியை மூன்று வாரம் நீட்டி மாற்றுத்திறனாளிகளை அழைக்கும் வரியும் சேர்த்துவிட்டோம். யார் தேர்வானாலும் மாற்றத்தை எங்கெங்கே தெரிவிக்க வேண்டும்?

---

மலர்விழி

வங்கிக்காரர் பொருளாளராக வந்தால் வெளிநாட்டு நன்கொடைப் பதிவில் அவரும் முக்கியப் பொறுப்பாளர். முக்கியப் பொறுப்பாளர் மாற்றத்துக்கு எஃப்.சி. 6ஈ படிவம், 45 நாளுக்குள், ஆதாரோடு. முன்பு 15 நாளாக இருந்தது, பழைய வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்துப் பதற வேண்டாம், அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை வந்து சேரும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் கையெழுத்திடுபவர் மாற்றத்தை அன்றே தொடங்குங்கள், அதுதான் அதிக நாள் இழுக்கும். பழைய இயக்குநரின் கையெழுத்தை நீக்கிவிட்டுப் புதியவருடையது ஏறும் வரை பணம் முடங்கும். அதனால் சேர்ப்பது முதலில், நீக்குவது பிறகு.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவில் வாங்கிய நிறுவனப் பதிவுச் சான்றின் நகலை எடுத்து, அதில் பொறுப்பாளர் பெயர் யாருடையது, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் பெயர் மாற்றக் கடிதம், தீர்மான நகல் இணைத்து. வருமான வரி இணையதளத்தில் அறக்கட்டளையின் முதன்மைத் தொடர்பாளர் பெயரும் டிஜிட்டல் கையெழுத்தும் மாற வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் ஏற்றும் படிவம் பழையவரின் கைபேசிக்கு ஓ.டி.பி. போய்த் தொங்குவது வருடா வருடம் நடக்கிற கூத்து.